மருந்துச் சோதனையில் சேரும்போது காப்பீடு: எந்தச் செலவு யார் தலையில்?

“மருந்து இலவசம்மா, ஒரு பைசா ஆகாது.” மருந்துச் சோதனையில் சேரச் சொல்லும்போது நோயாளியின் காதில் முதலில் விழுவது இதுதான். பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் செலவு மருந்தோடு நின்றுவிடுகிறதா? ஏர்பேட்டிலிருந்து திருப்பதிக்கு ஸ்விம்ஸுக்கோ ரூயாவுக்கோ அலிபிரி டாடா கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ ஒரு முறை போய்வந்தாலே இரண்டு பேர் கூலி போகிறது. வேலூர் சி.எம்.சி. என்றால் இரவு தங்கல் வேறு. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, படுக்கை வாடகை, நடுவில் உடம்புக்கு ஏதாவது வந்தால் ஐ.சி.யூ. இவற்றில் எதை யார் கொடுப்பார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே தெரிந்துகொள்ளத்தான் இந்த அத்தியாயம்.

பணம் கொடுக்கக்கூடியவர்கள் மூன்று பேர். சோதனையை நடத்தும் மருந்துக் கம்பெனி அல்லது நிறுவனம்; அதை ஸ்பான்சர் என்பார்கள். அடுத்தது உங்கள் காப்பீடு: தனியார் மெடிகிளைம், ஆந்திர அரசின் டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவா, ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ., இப்படி எதுவாகவும் இருக்கலாம். மூன்றாவது உங்கள் சட்டைப்பை. முதல் இரண்டு பேரும் “அது அவர் கணக்கு” என்று ஒருவரையொருவர் கைகாட்டினால் மூன்றாவதுதான் காலியாகும்.

செல்போனில் தேடிப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மருந்துச் சோதனையில் இருப்பவரின் வழக்கமான சிகிச்சைச் செலவைக் காப்பீட்டுக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்று படித்திருப்பீர்கள். அது அமெரிக்கச் சட்டம். அங்கே முதியோருக்கான மெடிகேர் 2000-லேயே அதற்கு ஒப்புக்கொண்டது. தனியார் காப்பீடுகளுக்கு 2014-ல் கட்டாயமானது. ஏழைகளுக்கான மெடிகெய்டுக்கு 2022-ல் வந்தது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அங்குள்ள விதியை வைத்துக்கொண்டு இங்குள்ள பெற்றோருக்கு யோசனை சொல்வதும் நடக்கிறது. இந்தியாவில் காப்பீட்டுக் கம்பெனியை அப்படிக் கட்டிப்போடும் சட்டம் இல்லை. இங்கே சட்டம் பிடித்திருப்பது ஸ்பான்சரை. 2019 மார்ச் 19-ல் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் விதிகள்தான் நமக்கு ஆயுதம். காப்பீட்டை நம்பிச் சோதனையில் சேராதீர்கள். ஸ்பான்சர் எழுத்தில் கொடுத்திருப்பதை நம்பிச் சேருங்கள்.

ஒரே ஒரு கேள்வி

நாற்பது பக்க ஒப்புதல் படிவத்தை ஒரே மூச்சில் படிக்க யாராலும் முடியாது. அதனால் ஒவ்வொரு செலவுக்கும் ஒரே கேள்வியைக் கேட்டு வாருங்கள்: நான் இந்தச் சோதனையில் சேராமல் இருந்தாலும் இதைச் செய்வீர்களா?

ஆமாம் என்றால் அது வழக்கமான சிகிச்சை. இல்லை என்றால் அது சோதனைக்காகச் செய்வது. அதற்கு நோயாளி பணம் கட்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளில் இது தெளிவாக இருக்கிறது: வழக்கமான சிகிச்சைக்கு மேல், ஆராய்ச்சிக்காக ஆகும் பரிசோதனை, மருந்து, சிகிச்சை எதற்கும் பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐம்பது வயதுப் பெண், மார்பகப் புற்றுநோய். வழக்கமான கீமோவோடு ஒரு புது மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் சோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை ஸ்பான்சர் செலவு, சந்தேகமே இல்லை. கீமோ எப்படியும் போட வேண்டியது. அது அரசுத் திட்டத்திலோ மெடிகிளைமிலோ வரலாம். டாக்டர் வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் எடுப்பவர், சோதனைத் திட்டம் ஆறு வாரத்துக்கு ஒரு முறை கேட்கிறது. அப்படியானால் இரண்டில் ஒன்று ஸ்பான்சருடையது. பஸ் செலவும் கூலி இழப்பும் ஸ்பான்சர் தருவதாக இருந்தால் எத்தனை முறைக்கு, எவ்வளவு என்று படிவத்திலேயே இருக்க வேண்டும்.

சிக்கல் வருவது அடுத்த இடத்தில். ஒரு நாள் வெள்ளணுக்கள் சரிந்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுக்கிறார். கீமோவிலும் வெள்ளணு குறையும். புது மாத்திரையாலும் குறைந்திருக்கலாம். காப்பீட்டுக் கம்பெனி “இது சோதனை மருந்தால் வந்தது” என்கிறது. சோதனை நடத்துபவர்கள் “கீமோ போட்டால் இது சகஜம்” என்கிறார்கள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. படுக்கைக்கு மட்டும் தினம் வாடகை ஓடுகிறது. மருந்துச் சோதனையில் குடும்பங்கள் கடனில் விழுவது இந்த இடைவெளியில்தான். ஆகவே சேரும் அன்றே இப்படிப் பேசிவிட வேண்டும்:

“மேடம், நடுவுல உடம்பு மோசமாகி அட்மிட் பண்ணா, பில் யாரு கட்டுவாங்க?”

“சோதனையால வந்ததுன்னா ஸ்பான்சர் கட்டுவாங்கம்மா.”

“அதாலதான் வந்துச்சான்னு முடிவு பண்றவரைக்கும்?”

சோதனைக் கோஆர்டினேட்டர் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிப்பார். பதில் விதியிலேயே இருக்கிறது. 2019 விதிகளில் 40-ஆம் விதிப்படி, சோதனையில் இருப்பவருக்குப் பாதிப்பு வந்தால் ஸ்பான்சர் இலவசமாக வைத்தியம் பார்க்க வேண்டும்; எத்தனை நாள் தேவை என்று ஆய்வு டாக்டர் சொல்கிறாரோ அத்தனை நாள், அல்லது பாதிப்புக்கும் சோதனைக்கும் சம்பந்தமில்லை என்று நிறுவப்படும் வரை, எது முந்தியதோ அதுவரை. அதாவது சந்தேகம் நீடிக்கும் வரை செலவு அவர்களுடையது. சம்பந்தம் உண்டு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இல்லை என்று நிறுவ வேண்டியது அவர்கள் பாடு. இந்த ஒரு விஷயம் தெரியாமல் எத்தனையோ பேர் முதல் நாளே அட்மிஷன் கவுண்டரில் சொந்தக் காப்பீட்டு அட்டையை நீட்டிவிடுகிறார்கள்.

மெடிகிளைம் பாலிசியில் எங்கே பார்ப்பது

பாலிசிப் புத்தகத்தில் விலக்குகள் என்ற பகுதிக்குப் போங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே வாசகத்தில் விலக்குகளை வகுத்து எண் கொடுத்தது. அதில் 16-ஆவது, நிரூபிக்கப்படாத சிகிச்சை. பலன் உண்டு என்று காட்டப் போதுமான மருத்துவ ஆவணம் இல்லாத சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்பது அதன் சாரம். சோதனை மருந்து அந்த வலையில் நேராகப் போய் விழுகிறது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பலன் தெரிந்துவிட்டால் சோதனையே எதற்கு?

கேள்வி வேறு. சோதனை மருந்தை விலக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு, அந்த நோயாளியின் கீமோ, அறுவை, படுக்கை எல்லாவற்றையும் சேர்த்து மறுக்க முடியுமா? வாசகம் நிரூபிக்கப்படாத சிகிச்சையையும் அதன் தொடர்பான செலவையும் மட்டுமே சொல்கிறது. வழக்கமான கீமோ நிரூபிக்கப்பட்டதுதான். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியில் “மருந்துச் சோதனை நோயாளி” என்று மட்டும் எழுதி, எல்லாவற்றையும் ஒரே பில்லில் போட்டுக் கொடுத்தால் கம்பெனிக்காகக் கிளைமைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ.வில் உட்கார்ந்திருப்பவர் மொத்தத்தையும் தள்ளிவிடுவது சுலபம். எனவே பில் இரண்டாக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லி வையுங்கள். வழக்கமான சிகிச்சைக்கு ஒன்று உங்கள் பெயரில். சோதனைச் செலவு ஸ்பான்சர் கணக்கில். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வழக்கமான சிகிச்சை எது, சோதனை மருந்து எது என்று தனித்தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

அதே ஆணையம் பன்னிரண்டு நவீன சிகிச்சைகளைக் கம்பெனிகள் முழுதாக விலக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. வாய்வழிக் கீமோ, ஊசியாகப் போடும் இம்யூனோதெரபி, ரோபோ அறுவை, ரத்தநோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றில் ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. ஆனால் உச்சவரம்பு வைக்கலாம். “புதுசா இருக்கு, அதனால் தர மாட்டோம்” என்று யாராவது சொன்னால் இந்தப் பட்டியலை எடுத்துக்காட்டலாம். சோதனை நிலையில் உள்ள மருந்துக்கு இது உதவாது.

சேரும் முன் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட்டுவிடுவது நல்லது. இ-மெயில் போதும். இப்படி எழுதலாம்:

“என் பாலிசி எண் இது. எனக்கு இந்த நோய்க்கு இந்த ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடக்கிறது. இந்த சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடு) எண் கொண்ட மருந்துச் சோதனையில் சேர இருக்கிறேன். சோதனை மருந்தையும் அதற்கான கூடுதல் பரிசோதனைகளையும் ஸ்பான்சர் இலவசமாகத் தருகிறார். சோதனையில் சேராவிட்டாலும் எனக்குத் தேவைப்படும் வழக்கமான சிகிச்சைக்கு என் பாலிசி தொடர்ந்து செல்லும் என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்யக் கோருகிறேன். செல்லாது என்றால் பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிடவும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பிரிவு எண்ணைக் கேட்டால், பொத்தாம்பொதுவாக மறுக்க முடியாது. போனில் ஏஜென்ட் “அதெல்லாம் வரும்ணா, நான் பாத்துக்கறேன்” என்று சொல்வது எந்தத் தீர்ப்பாயத்திலும் செல்லாது.

புதிதாகப் பாலிசி எடுப்பவர் சோதனையில் இருப்பதை மறைக்கக் கூடாது. விண்ணப்பத்தில் தற்போதைய சிகிச்சையைக் கேட்பார்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், சோதனைக்குச் சம்பந்தமே இல்லாத கிளைமும் போய்விடும்.

அரசுத் திட்டத்தில் இருப்பவர்கள்

2007-ல் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீயாகத் தொடங்கிய திட்டம் ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறி இப்போது டாக்டர் என்.டி.ஆர். வைத்திய சேவா. ஊரில் இன்னும் ஆரோக்கியஸ்ரீ என்றுதான் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் நடைமுறை ஒன்றே: எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று பட்டியல் இருக்கிறது, பட்டியலில் இருப்பதற்கே முன் அனுமதி கிடைக்கும். இன்னும் அனுமதி பெறாத மருந்து அந்தப் பட்டியலில் இருக்காது. ஆனால் பட்டியலில் உள்ள கீமோவோ கதிர்வீச்சோ உங்களுக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், சோதனையில் சேர்வதால் அந்த அனுமதி பாதிக்கப்படுமா என்று ஆஸ்பத்திரி உதவி மேசையில் இருக்கும் மித்ரா எனும் திட்டப் பணியாளரிடம் கேளுங்கள். ஆய்வு டாக்டர், மித்ரா இருவரையும் ஒரே நேரத்தில் வைத்துக் கேட்பது இன்னும் நல்லது. தனித்தனியாகக் கேட்டால் தனித்தனிப் பதில் வரும். வெளியூரிலிருந்து விசாரிக்க 104.

எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ரேஷன் கார்டு ஆந்திரா, ஆஸ்பத்திரி வேலூர். தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்கு வராது. ஆந்திரத் திட்டம் வெளிமாநிலத்தில் எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். சோதனை வேலூரில், சிகிச்சை அட்டை திருப்பதியில் என்று ஆகிவிட்டால் வழக்கமான சிகிச்சைச் செலவும் கைக்காசுதான்.

ஒப்புதல் படிவம்: கைவிரலை வைத்துப் படியுங்கள்

உங்களுக்குப் புரியும் மொழியில், சாதாரணப் பேச்சுநடையில் படிவம் தர வேண்டும் என்பது விதி. தெலுங்கு எழுத்து சரளமாக வராது என்றால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், சோதனைக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருக்க வேண்டும். புத்தம்புது மூலக்கூறு என்றால், எளிதில் பாதிக்கப்படக்கூடிய பிரிவினருக்கு விளக்கிச் சொல்வதையும் அவர்கள் சம்மதிப்பதையும் வீடியோ எடுக்க வேண்டும். தகவல் தாளின் ஒரு பிரதியும் கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதியும் உங்கள் கையில் வர வேண்டும். “ஃபைல்ல இருக்கு” என்றால் போதாது.

படிவத்தில் ஒரு வரி நாமினியின் பெயரும் முகவரியும் உறவும் கேட்கும். பலர் அதைச் சடங்குக்கு நிரப்புகிறார்கள். சாவு நேர்ந்தால் இழப்பீடு போய்ச் சேர வேண்டிய ஆள் அது. ஆதாரில் உள்ளபடி பெயரை எழுதுங்கள். சின்னம்மா என்று ஊரில் கூப்பிடும் பெயர் வங்கிக் கணக்கில் வேறாக இருக்கும். ஆண்டு வருமானம், தொழில் கேட்கும் வரிகளும் உண்டு. வெட்கப்படாமல் உள்ளதை எழுதுங்கள்.

ஸ்பான்சர் யார் என்று பாருங்கள். மருந்துக் கம்பெனி என்றால் பெரும்பாலும் அவர்கள் எடுத்த சோதனைக் காப்பீட்டுச் சான்றிதழ், சோதனைக்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவிடம் (எத்திக்ஸ் கமிட்டி) இருக்கும்; ஒரு நபருக்கு எவ்வளவு, எந்தத் தேதி வரை என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பாலிசி ஸ்பான்சரின் பாதுகாப்புக்கு எடுத்தது, உங்களுக்காக அல்ல. அது காலாவதியானாலும் உங்களுக்குத் தர வேண்டியதை ஸ்பான்சர் தர வேண்டும். கல்லூரி டாக்டர்களோ மேற்படிப்பு மாணவர்களோ தாமாக நடத்தும் ஆய்வு என்றால் நிறுவனமே ஸ்பான்சர் இடத்தில் இருக்கும். அங்கே இழப்பீட்டுக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்களா, காப்பீடு எடுத்திருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். என் கணிப்பில், கம்பெனிச் சோதனையைவிட இந்த இடத்தில்தான் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

எந்தச் சோதனையானாலும் முதல் ஆளைச் சேர்க்கும் முன் சி.டி.ஆர்.ஐ. எனும் இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் அதன் பெயர் இருக்க வேண்டும். 2007-ல் தொடங்கிய பதிவேடு இது. 2009 ஜூனிலிருந்து மருந்துச் சோதனைகளுக்குக் கட்டாயம். செல்போனிலேயே தேடலாம். ஸ்பான்சர் பெயர், எந்தெந்த ஆஸ்பத்திரி, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது எல்லாம் அதில் தெரியும்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்குக் கம்மம் கதை. 2009-ல், அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை பத்து முதல் பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் ஐ.சி.எம்.ஆரும் மாநில அரசும் சேர்ந்து செய்தது. பெயர் மருந்துச் சோதனை அல்ல, செயல்விளக்கத் திட்டம். கம்மத்திலும், இதே திட்டம் நடந்த குஜராத்தின் வடோதராவிலும் சேர்த்து ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. சாவுகளுக்குத் தடுப்பூசி காரணமில்லை என்றது விசாரணை. ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோருக்குப் பதில் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது வெளிவந்தது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு, இது பெயரை மாற்றி நடத்திய சோதனையே என்று காரமாக எழுதியது. பெயர் மாறியதால் சோதனைக்கான பாதுகாப்பு எதுவும் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. முகாம், சர்வே, திட்டம் என்று எந்தப் பெயரில் உங்கள் ஊருக்கு வந்தாலும், ஊசி போடுகிறார்கள் என்றால் சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேளுங்கள்.

பாதிப்பு வந்தால்

சோதனை அட்டை ஒன்று தருவார்கள். ஆதார் அட்டையோடு அதுவும் எப்போதும் கையில் இருக்கட்டும். நள்ளிரவில் மூச்சுத் திணறினால் திருப்பதி வரை போக வேண்டாம், காளஹஸ்தியோ ரேணிகுண்டாவோ பக்கத்தில் எதுவோ அங்கே சேருங்கள். அப்போது சொந்தக் காப்பீட்டை நீட்ட வேண்டியிருந்தால் நீட்டுங்கள், உயிர் முதலில். ஆனால் அன்றே சோதனை டாக்டருக்குப் போன் செய்து, பின்னால் ஒரு மெசேஜும் போட்டு வையுங்கள். தீவிர பாதிப்பு என்றால் அவர் அது நேர்ந்த 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கும் ஸ்பான்சருக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும். ஒரிஜினல் பில்களைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. காப்பீடு கொடுத்தது போக மீதியை ஸ்பான்சரிடம் கேட்கலாம்.

வைத்தியச் செலவு வேறு, இழப்பீடு வேறு. சோதனையால் சாவோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால், வைத்தியச் செலவுக்கு மேல் தனியாக இழப்பீடு உண்டு. சாவுக்கான கணக்கு இது: 8 லட்சத்தை வயதுக்கான எண்ணாலும் ஆபத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். வயது எண் 16-ல் 228.54, 50-ல் 153.09, 65-லும் அதற்கு மேலும் 99.37. ஆபத்து எண், சேரும்போது உடம்பு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது: ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்ற நிலையில் சேர்ந்தவருக்கு 0.5, ஆரோக்கியமாக வந்து சேர்ந்தவருக்கு 4. நடுத்தர ஆபத்தில் இருந்த ஐம்பது வயதுக்காரருக்கு எண் 2. சுமார் 24 லட்சத்து 65 ஆயிரம் வரும். அதே வயதில் முற்றிய நோயோடு சேர்ந்தவருக்கு 6 லட்சத்து 16 ஆயிரம்தான். முப்பது நாள் பிழைப்பதே அரிது என்ற நிலையில் சேர்ந்தவருக்கு 2 லட்சம் என்று நிர்ணயித்துவிட்டார்கள். நோய் முற்றியவரின் உயிருக்கு விலை குறைவா என்று கோபம் வரும், எனக்கும் வருகிறது. ஆனால் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. சேரும் அன்று உங்கள் நிலையை டாக்டர் எப்படிக் குறித்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் பக்கவிளைவு மட்டுமல்ல, சோதனைத் திட்டத்தை மீறியதால் வந்த கேடு, சோதனைக்காகச் செய்த ஊசி, பயாப்ஸி போன்றவற்றால் வந்தது, தாயோ தந்தையோ சோதனையில் இருந்ததால் கருவிலிருந்த குழந்தைக்கு வந்தது எல்லாமே இழப்பீட்டுக்கு உரியவை. நெறிமுறைக் குழு 30 நாளில் அறிக்கை தர வேண்டும், மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், அதன்பின் 30 நாளில் ஸ்பான்சர் பணம் கட்ட வேண்டும். படிவத்தில் நெறிமுறைக் குழுச் செயலாளரின் போன் நம்பர் இருக்கும். ஆஸ்பத்திரியில் யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அவருக்கே நேராக எழுதுங்கள்.

மெடிகிளைம் கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஏர்பேட்டில் வசிப்பவருக்கு ஹைதராபாத் அலுவலகம். சென்னைக் கிளையில் எடுத்த பாலிசி என்றால் சென்னையிலும் கொடுக்கலாம். அரசுத் திட்டத்துக்கு இந்த வழி கிடையாது. அங்கே 104-லும் மாவட்ட ஒருங்கிணைப்பாளரிடமும்தான் முறையிட வேண்டும்.

சோதனை முடிந்த மறுநாள்

மருந்து நன்றாக வேலை செய்தது, சோதனை முடிந்துவிட்டது, இனி மாத்திரைக்கு எங்கே போவது? 27-ஆம் விதி இதற்கு ஒரு வழி விட்டிருக்கிறது. வேறு மாற்று சிகிச்சை இல்லை, இந்த மருந்தால் பலன் கிடைத்திருக்கிறது, ஆய்வு டாக்டர் சிபாரிசு செய்கிறார், நெறிமுறைக் குழு ஒப்புக்கொள்கிறது என்றால் ஸ்பான்சர் தொடர்ந்து இலவசமாகத் தர வேண்டும். ஆனால் அதன்பின் ஏற்படும் பாதிப்புக்கு ஸ்பான்சர் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு 40-ஆம் விதியின் இலவச வைத்தியம் உங்களுக்கு இல்லை. உங்கள் சொந்தக் காப்பீடுதான் துணை. ஆகவே சோதனை நடக்கும் காலத்தில், “எல்லாம் இலவசமாத்தானே நடக்குது” என்று மெடிகிளைம் பிரீமியத்தைக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். பாலிசி ஒரு முறை அறுந்துவிட்டால், மறுபடி எடுக்கும்போது அதே நோய் ஏற்கெனவே இருந்த நோய் என்று மூன்று ஆண்டு வரை காத்திருக்க வைப்பார்கள். புதுப்பிக்கும் தேதியையும் அடுத்த விசிட் தேதியையும் ஒரே காலண்டரில் குறித்து வையுங்கள்.